தார் விட்டுப்போன ஜல்லி

சென்ற வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, எங்கள் தெருவில் பெயர்ந்து கிடந்த ஜல்லிகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் தார் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் கிரஷரிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. லாரிகளின் பாரம்தான் சாலையைக் கெடுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். பாரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கல் காட்டிய குற்றவாளி தண்ணீர்.

நாம் சாலைக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் கருங்கல் ஜல்லியில் சிலிக்கா அதிகம். அத்தகைய கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுதல் அதிகம் என்பதால், சிறு விரிசல் வழியாக இறங்கும் நீர் தார்ப்படலத்தின் அடியில் ஊர்ந்து அதைக் கல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. மேலே ஓடும் சக்கரங்கள் அந்த நீரை அழுத்தி அழுத்தி உள்ளே செலுத்துகின்றன. இதற்காகவே, தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, படலம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. 95 சதவீதமாவது மிஞ்ச வேண்டும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டறிந்து, 2018-ல் பத்மஸ்ரீ பெறக் காரணமாக இருந்த பிளாஸ்டிக் சாலை முறையின் அருமை இங்கேதான் புரிகிறது. அவர் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்கவில்லை. ஏறக்குறைய 160 முதல் 170 டிகிரி வரை சூடேற்றிய ஜல்லியின் மேல் கழிவு பிளாஸ்டிக்கின் துருவலைத் தூவினால், ஒரு நிமிடத்துக்குள் அது உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்கிறது. கல்லின் நுண்துளைகள் அடைபட்ட பின்னரே தார் சேர்கிறது. தாரும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலிய வழி வந்தவை. ஒன்றையொன்று நன்றாகப் பற்றிக்கொள்கின்றன. சாலைப் பணிக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை பிளாஸ்டிக் சேர்க்கலாம் என்கிறது. சென்னை ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இவ்வகைச் சாலை போடப்பட்டது.

கல்லோடு தார் ஒட்டுவதற்கு நீற்றிய சுண்ணாம்புத் தூளும் நல்ல துணை. ஜல்லி எடையில் 1 முதல் 2 சதவீதம் போதும்.

கலக்கும் இடத்தில் கண்காணிப்பு இல்லாவிட்டால் இவை எல்லாம் வீண். பி.வி.சி. துண்டுகள் கலந்துவிட்டால் சூட்டில் நச்சு வாயு கிளம்பி, முதலில் வேலையாட்களின் நெஞ்சைத்தான் அடைக்கும். ஆகவே பிரித்தெடுத்தலில் சிறு தளர்வும் கூடாது. சூடு மிஞ்சினால் தாரே முறுகி, உடையும் தன்மை பெற்றுவிடும். கலவை ஆறும் முன்பே ரோலர் ஓடி இறுக்காவிட்டால் உள்ளே காற்று இடைவெளி நின்று, அதன் வழியே மறுபடியும் நீர் இறங்கும்.

எங்கள் தெருவுக்கு மீண்டும் சாலை போட வரும்போது, பிளாஸ்டிக் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் வடியும் சரிவைத்தான் கேட்கப்போகிறேன். நான் அந்த ஜல்லியை எடுத்த இடத்தில், சாலையானது வடிகாலின் விளிம்பைவிட நான்கு விரற்கடை தாழ்ந்து கிடக்கிறது.