மார்கழிக் காலையில் மட்டும் எழாத கணினி

மூன்று வாரப் போராட்டத்துக்குப் பிறகு, கடந்த ஆறு நாட்களாக என் மேசைக் கணினி விடியற்காலையில் முதல் அழுத்தத்திலேயே இயங்கத் தொடங்குகிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்ன அனைவருக்கும் இதைச் சற்றுப் பெருமையோடுதான் தெரிவித்துக்கொள்கிறேன்.

காலையில் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பத்துப் பதினைந்து முறை அழுத்திய பின் ஒருவழியாக எழுந்துகொண்டால், இரவு வரை எந்தக் குறையும் இராது. வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருப்பதால், எது கெட்டாலும் முதலில் உப்புக்காற்றின் மேல்தான் பழி போடுவோம். நானும் அவ்வாறே ரேமைக் கழற்றி அதன் பற்களை அழிப்பானால் தேய்த்தேன். சிஆர் 2032 பேட்டரியை மாற்றினேன். பொத்தானை விட்டுவிட்டு மதர்போர்டின் ஊசிகளைத் திருப்புளியால் தொட்டும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே எடுத்து, மதர்போர்டு இல்லாமலே அதை இயக்குவதற்காகப் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்தபோது அது உடனே ஓடியதால், அதன் மேல் இருந்த ஐயத்தையும் கைவிட்டேன். அந்த ஒரு முடிவால் பத்து நாட்கள் வீணாயின.

மழைக்கால இடிக்குப் பயந்து ஐப்பசியிலிருந்தே இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் அணைக்க மறந்தேன். மறுநாள் காலை கணினி உடனே எழுந்தது. சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சுற்று (கணினி அணைந்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் தரும் பகுதி) ஓய்வின்றி ஓடி, தன்னை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் உறைத்தது. சூட்டில் இயங்கிக் குளிரில் முரண்டு பிடிப்பது காய்ந்துபோன கெப்பாசிட்டரின் (மின்தேக்கியின்) குணம். வேதிக்கரைசல் வற்ற வற்ற அதன் ஈஎஸ்ஆர், அதாவது உள்தடை, ஏறும், குளிரில் இன்னும் ஏறும்.

ஸ்டாண்ட்பை மின்சாரம் வரும் ஊதாக் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தால் 5.04 வோல்ட் காட்டியது. இந்த எண்ணைத்தான் நான் முன்பும் பார்த்து ஏமாந்திருந்தேன். இம்முறை 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்து, ஏறத்தாழ 1 ஆம்பியர் சுமை கொடுத்தேன், அளவு 4.2 வோல்ட்டுக்குச் சரிந்தது. மேசைக் கணினிகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது. அண்ணியின் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கி, கெப்பாசிட்டர்களின் பக்கமாகச் சூட்டுக்காற்றை ஊதியபோது, மீட்டரின் எண் 4.3, 4.5, 4.7 என்று படிப்படியாக ஏறியதை அண்ணனையும் அழைத்துக் காட்டினேன். அவருக்கு அதில் பெரிய வியப்பு எதுவும் இல்லை.

பெட்டியைத் திறப்பவர்கள் வீட்டு மின்சாரம் நுழையும் முதன்மைப் பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும் என்பதை அறிவீர்கள். நான் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கை வைத்தேன். ஸ்டாண்ட்பை வெளியீட்டில் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் தலை சற்றே புடைத்திருந்தது. மற்றது பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. கழற்றுவதுதான் பெரும் பாடாகிவிட்டது. எதிர்முனைக் கால் அகலமான செம்புப் பரப்பில் இணைந்திருப்பதால், என் 25 வாட் பற்றவைப்புக் கோலின் சூடு முழுவதையும் அப்பரப்பே விழுங்கிவிட்டது. ஈயம் உருகாமல் குழம்பிக் கிடந்தது, ஈய உறிஞ்சியும் பயன்படவில்லை. கடைசியில் பழைய ஈயத்தின் மேல் புதிய ஈயத்தைத் தாராளமாக ஊட்டி, 60 வாட் பற்றவைப்புக் கோலை இரவல் வாங்கி, இரு கால்களையும் மாறி மாறிச் சூடேற்றி, கெப்பாசிட்டரை மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன். துளையில் அடைத்த ஈயத்தைத் தையல் ஊசியால் குத்தி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கி முதலில் பொருத்தியவை 85 டிகிரி வரை வெப்பம் தாங்கும் சாதாரண வகை. எது கேட்டாலும் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் கடைக்காரர் அவர். கொள்ளளவு மீட்டரில் சரியாகவே காட்டிய அவை, சுமை கொடுத்ததும் 4.6-ஐத் தாண்டவில்லை. பிறகு சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் நண்பரிடம் சொல்லி, 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகையை வரவழைத்தேன். சுமையோடு 4.98 வோல்ட்.

அடுத்து ஒரு ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்க வேண்டும். பரணில் கிடக்கும் இரண்டு பழைய எஸ்எம்பிஎஸ்களையும் அதன் முன் நிறுத்தப் போகிறேன். இதற்கிடையே இந்தப் பெட்டியின் மூடி இன்னும் மாட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளில் மூன்று துருப்பிடித்துக் கழற்றும்போதே தலை தேய்ந்துவிட்டன. அந்தப் பழி மட்டும் உப்புக்காற்றையே சேரும்.