சுக்கான் பிடித்த சொல்

காரைக்குடி வீட்டின் வளவில் பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபடி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் பேத்தி, ‘கவர்ன்’ என்ற ஆங்கில வினைக்கு ‘ஆள்’ என்று பொருள் எழுதிவிட்டு, “ஐயா, கவர்னரும் இதிலிருந்து வந்தவர்தானா?” என்று கேட்டாள்.

ஆம், ஆனால் அவர் வந்தது கப்பல் வழியாக. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் முன்னோர், இலத்தீனில் ‘குபெர்னாரே’, அதற்கும் முன்னே கிரேக்கத்தில் ‘குபெர்னான்’. இரண்டும் கப்பலின் சுக்கானைப் பிடித்துச் செலுத்துவதைக் குறித்தவை. அதே கிரேக்க வேரிலிருந்துதான் 1948ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு நடைபெறும் விதத்தை ஆராயும் துறைக்கு ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற பெயரை எடுத்தாண்டார். இன்று நாளிதழில் நாம் படிக்கும் சைபர் குற்றத்தின் சைபரும் அதன் துண்டே. (கணக்கில் வரும் சைபர் வேறு, அது அரபுச் சொல்லின் வழி வந்தது.)

இலக்கணத்தில் ‘கவர்ன்’ பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றா வினை, அதாவது ‘எதை’ என்ற கேள்விக்கு விடை தரும் பெயரை ஏற்கும் வினை. ‘நாட்டை ஆண்டான்’ என்று நாம் ஐ உருபு சேர்க்கும் இடத்தில், ஆங்கிலம் எந்த உருபுமின்றிப் பெயரை வினைக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது. சொற்களும் சொற்களை ஆளும் என்பார்கள் ஆங்கில இலக்கணத்தார்: ‘டு’ என்ற முன்னிடைச்சொல் ஆள்வதால்தான் அதன்பின் ‘ஹீ’ வராமல் ‘ஹிம்’ வருகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, நோட்டின் ஓரத்தில் அவள் ஒரு கப்பலை வரைந்தாள்.