பள்ளி மேலாண்மைக் குழுவில் இரண்டு வருடம்: ஆய்வு தானாக வரும், உதவியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்

என் மகள் எட்டாவது வரை படித்தது குமரி மாவட்டம் திருவட்டாறு ஒன்றியத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில். 2022-ல் தமிழ்நாடு முழுக்க, பெற்றோர் பெரும்பாலும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள் அல்லவா, அப்போது எங்கள் பள்ளியில் என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். போட்டி, ஓட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. வந்திருந்த அம்மாக்களில் பலர் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால்வெட்டி, பால் எடுத்து, குளித்து ஓடி வந்தவர்கள். கூட்டம் எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ பன்னிரண்டாவது வரை படிச்சவ, நாலு வார்த்தை பேசுவா" என்று பக்கத்து வீட்டு அக்கா என் பெயரைச் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், முடிந்தது.

இப்போது புதிய குழுக்களில் சேர்ந்த சிலர் போன் போட்டு, "அங்க போய் என்னதான் செய்யணும், கையெழுத்துப் போட்டா போதாதா?" என்று கேட்கிறார்கள். போதும்தான். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, பள்ளியும் இருந்தபடியே இருக்கும். அதற்கு மேல் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் பள்ளியை மேலே இருந்து யார் பார்க்கிறார்கள், எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எனக்கு அது புரியவே நிறைய மாதங்கள் ஆனது, அதனால் எழுதுகிறேன்.

தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு முதலில் வருகிற அதிகாரி வட்டாரக் கல்வி அலுவலர், எல்லோரும் பிஇஓ என்றுதான் சொல்வார்கள். ஆண்டாய்வு அவர் வேலை, ஆசிரியர்களின் சம்பளமும் விடுப்பும் அவர் அலுவலகம் வழிதான். அவருக்கு மேலே தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், எல்லோருக்கும் மேலே நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். இது ஒரு வரிசை. இன்னொரு வரிசை வட்டார வள மையம். அங்கே ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வகுப்புக்குள் வந்து பாடம் நடப்பதைப் பார்த்து ஆசிரியருக்குத் துணை செய்ய வேண்டும். பிஇஓ கணக்குக் கேட்க வருபவர், பயிற்றுநர் கைகொடுக்க வருபவர் என்றுதான் ஏற்பாடு. நடைமுறையில் பயிற்றுநர் கையிலும் ஒரு செயலி இருக்கிறது, அதில் அவரும் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் ஆக வேண்டும். எங்கள் பள்ளி இருக்கிற பள்ளத்தில் டவர் கிடைக்காது. பார்த்து முடித்தபின் அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ரோட்டு வளைவு வரை ஏறிப்போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் ஆண்டாய்வு நாளன்று குழுத் தலைவியாச்சே என்று என்னையும் வரச் சொன்னார்கள். வராந்தா கழுவியாகிவிட்டது, சுவரில் புது சார்ட்டுகள், பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக அமைதி. அலுவலர் வருகைப் பதிவேடு பார்த்தார், சத்துணவு இருப்பு பார்த்தார், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்தார், நோட்டுகளைப் புரட்டினார், நாலைந்து பிள்ளைகளை வாசிக்கவும் கழித்தல் கணக்குப் போடவும் சொன்னார். நல்ல மனிதர்தான், யாரையும் திட்டவில்லை. போகும்போது பார்வைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஹெச்.எம். டீச்சர் முதலில், "அது ஆபீஸ் விஷயம்மா" என்றார். அப்புறம் காட்டினார். வாசிப்புத் திறனை மேம்படுத்த வேண்டும், ஆறு முதல் எட்டு வரை கணிதத்தில் கூடுதல் கவனம் தேவை, மேற்கூரையைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுதான். யார் செய்வது, எதை வைத்துச் செய்வது, எப்போதைக்குள் என்று ஒன்றும் இல்லை. அடுத்த வருடமும் அதையே எழுதிவிட்டுப் போகலாம், ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை.

அப்போதெல்லாம் கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை நான் சத்தமாக வாசித்தேன். ஹெச்.எம். டீச்சருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனால் 20 பேர் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், எங்களுக்கு அது தெரியத்தானே வேண்டும்? கல்வி உரிமைச் சட்டமே பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை என்றுதான் சொல்கிறது. சரி, மூன்று விஷயத்தையும் தனித்தனியாக எடுப்போம் என்று முடிவானது.

முதலில் வாசிப்பு. சின்ன வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தருகிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தது, முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துவார்கள். எங்கள் மூன்றாம் வகுப்பில் செயலியைப் பார்த்தால் பாதிக்கு மேல் மலர், அதாவது மேல் நிலை. பிஇஓ குறிப்போ வாசிப்பு போதாது என்கிறது. எது சரி? வட்டார வள மையத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம்: எங்கள் பிள்ளைகள் வாசிப்பில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று. தீர்மான நகலோடு கொடுத்தோம்.

அவர் வந்தார். வகுப்பைப் பார்த்து, செயலியில் போட வேண்டியதைப் போட்டு முடித்தபின் கிளம்பாமல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு பெண்பிள்ளை, எப்போதும் கை தூக்குகிறவள், பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். டீச்சருக்குப் பெருமை. பயிற்றுநர் அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஒரு வரியில் நிற்கிறது, வாய் அதற்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது. "மக்கா, இந்தக் கடைசி வரிய மட்டும் சொல்லு" என்று மேலே இருந்ததைக் கையால் மறைத்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பாடத்தை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக் கேட்டு மனப்பாடம். அவளைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் தேறினார்கள்.

எனக்கு அந்தப் பயிற்றுநரிடம் பிடித்தது, அதை அவர் குற்றமாக எழுதவில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, யார் யாருக்கு எழுத்தே தடுமாறுகிறது, யார் சொல் வரை வந்துவிட்டார்கள் என்று ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் அரை மணி நேரம் என்ன செய்யலாம் என்று தானே செய்து காட்டினார். திரும்பவும் வந்து பார்த்தார். சாயங்காலம் வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த எங்கள் தெரு டீச்சர்ப்பிள்ளையிடம் அதே தாளின் நகலைக் கொடுத்தேன், சாயங்காலம் அவளும் அந்த வரிசையிலேயே போனாள். 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்து நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. அந்தப் பெண் 'நட' புத்தகம் ஒன்றை எடுத்து, முன்பின் பார்க்காத கதையை, திக்கித் திக்கி என்றாலும் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருக்க வாசித்தாள். என்னைக் கேட்டால் இரண்டு வருடத்தில் பள்ளியில் உண்மையாக நடந்த மேம்பாடு அதுதான். குறை என்ன என்றால் ஒரு பயிற்றுநர் தலையில் பள்ளிகள் ஏராளம். எழுதிக் கேட்காத பள்ளிக்கு அவர் எப்படி இரண்டாவது தடவை வருவார்?

கூரை விஷயம் வேறு மாதிரி இழுத்தது. எங்களுடையது பழைய ஓட்டுக் கட்டிடம், குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஐந்தாம் வகுப்பில் மழை வந்தால் பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப்போட்டு பாடம் நடத்துவார்கள். பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வரும்: 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. நாங்கள் நூற்றுக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஐம்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு, மிச்சத்தில் சாக்பீஸ், கரண்டு பில், மோட்டார் ரிப்பேர். கூரைக்கு எங்கே போக? தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்றினோம். நகரவில்லை. நேரில் போனால், எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், அங்கிருந்தவர் கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "எல்லா வகுப்பறையும் நல்ல நிலையில்னுதானம்மா உங்க ஸ்கூல்ல இருந்தே போட்டிருக்கு. நல்லா இருக்கிற கட்டிடத்துக்கு எப்படிப் பணம் கேட்பீங்க?"

அவர் சொன்னது நியாயம். மேலே இருப்பவர்கள் பார்ப்பது எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் பதிவில், இருக்கிற பள்ளியை. வகுப்பறை வாரியாக நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று அதில் குறிக்க வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் 30 நிலவரத்தை வைத்து யூடைஸ் என்ற நாடு தழுவிய பள்ளிக் கணக்கெடுப்பும் எடுக்கிறார்கள். எங்கள் பள்ளியில் பல வருடமாக 'நல்ல நிலை' என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அப்படி என்று முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் பின்னர் மனம் விட்டுச் சொன்னார். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டிடங்களை இடிக்கச் சொன்னார்கள். பழுது என்று எழுதினால் அறையைப் பூட்டிவிடுவார்கள், புதியது எப்போது வரும் என்று தெரியாது, பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? அந்தப் பயம் பல பள்ளிகளில் இருக்கிறது, அதைச் சும்மா தப்பு சொல்லிவிட முடியாது.

ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். குழுவில் வைத்துப் பேசி, அறை அறையாகப் போட்டோ எடுத்து, ஹெச்.எம். டீச்சரும் சம்மதித்து, கணக்கெடுப்பின்போது உள்ளதை உள்ளபடி ஏற்றினோம். அதே வாக்கியத்தைத் தீர்மானத்திலும் எழுதினோம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் அதுவே முதல் தேவை. மூன்றிலும் ஒரே கதை இருந்ததும் ஒரு பொறியாளர் வந்து அளந்துகொண்டு போனார். அடுத்த தென்மேற்கு மழைக்குள் கட்டையும் ஓடும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு அறையை மட்டும் பூட்டச் சொன்னார்கள், அந்த வகுப்பு கொஞ்ச நாள் வராந்தாவில்தான் நடந்தது. பயந்தது முழுக்கப் பொய்யில்லை.

கணக்கு டீச்சர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை அறிவியல், கணிதத்துக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும், எங்களுக்கு இடம் காலி. 2022 ஜூலையில் காலி இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பலாம் என்று அரசு சொன்னது, பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய். உள்ளூரில் எம்எஸ்சி, பிஎட் முடித்த பெண் ஒருத்தி கிடைத்தாள். நன்றாக நடத்தினாள், பிள்ளைகளுக்கு அவள் மேல் உயிர். ஆனால் தற்காலிகம் தற்காலிகம்தான், சம்பளம் பின்னால் உயர்ந்தும் அவள் வேறு வேலை தேடிப் போனாள். நிரந்தர ஆள் கேட்டுக் குழு எழுதிய கடிதங்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைத் தவிர எதுவும் வரவில்லை.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு என்று என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்து போனில் கேட்பார். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று பெருமை பேசுகிற மாவட்டம் இது. அதே மாவட்டத்தில்தான் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் எங்கள் பள்ளி வாசலைத் தாண்டிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. நூறுக்குக் கீழே இறங்கினால் மானியம் பாதி, அப்புறம் ஆசிரியர் பணியிடம் உபரி என்பார்கள், அப்புறம் மூடுவது பற்றிப் பேச்சு வரும். கூரையும் வாசிப்பும் சரியாக இருந்தால்தான், தோட்டத்துக்குப் போகிற அம்மா கடன் வாங்கி வேன் ஃபீஸ் கட்டாமல் இங்கே கொண்டுவந்து விடுவாள்.

2024 ஆகஸ்டில் மறுபடி குழு அமைத்தார்கள், இந்தத் தடவை 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. என் மகள் ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி போய்விட்டதால் நான் வெளியே வந்துவிட்டேன். தீர்மானம், கடிதம், போட்டோ எல்லாவற்றையும் நகலெடுத்துப் போட்டு வைத்திருந்த ஃபைலைப் புதுத் தலைவியிடம் கொடுத்தேன். சுற்றுச்சுவர் இன்னும் பாக்கி, ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து பன்றி உள்ளே வருகிறது. 'சுற்றுச்சுவர் தேவை' என்று மட்டும் எழுதாதீர்கள், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள், எமிஸிலும் அதே இருக்கிறதா என்று ஹெச்.எம். டீச்சரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அளந்துவிட்டார்களாம், வருகிற கூட்டத்தில் வைக்கிறார்கள்.