நத்தையை விடுங்கள், அதன் சாப்பாட்டைத் தேடுங்கள்

கடல் நத்தைகளைப் பார்க்கவே ஸ்கூபா பயிற்சியில் சேர்ந்தேன். வெள்ளவத்தை வீட்டில் சொன்னபோது, "யாழ்ப்பாணத்தில் இல்லாத கடலட்டையா? அதற்கு ஏன் இங்கே காசு கட்டுகிறாய்?" என்றார் அம்மா. கடலட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. நான் தேடியது குஞ்சுப் பருவத்திலேயே ஓட்டைத் துறந்துவிடும் நத்தையை.

சேருவதானால் ஜனவரிக்குள் சேருங்கள். கொழும்புப் பக்கக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் தெளிந்திருக்கும். மார்ச் கடைசியில் சேர்ந்த நான் தென்மேல் பருவக்காற்றோடு ஓட்டப்பந்தயம் ஓடினேன்.

நீச்சலும் மிதப்பும் பழகினால் வந்துவிடும். எழுத்துத் தேர்வில் என்னை இடறவைத்தது அழுத்தக் கணக்கு. அழுத்தம் மேற்பரப்பில் 1 பார், 10 மீற்றரில் 2 பார், 20 மீற்றரில் 3 பார் என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு பலூனை முழுதாக, பாதியாக, மூன்றிலொன்றாக வரைந்தேன். மேலே வரும்போது மூச்சை அடக்கக்கூடாது என்பதற்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

கல்கிசைக்கு அப்பாலுள்ள பாறையில் முதல் நாள் நான் ஒன்றையும் காணவில்லை. பயிற்றுநர் விரல் நீட்டிய இடத்தில் காய்ந்த புண்ணின் பொருக்குப் போல ஏதோ ஒட்டியிருந்தது. டோர்ச் அடித்தார். கறுப்பு உடல், நீலச் சாம்பல் மேடுகள், அவற்றின் நுனியில் மஞ்சள் பருக்கள், தலையில் இரண்டு மஞ்சள் கொம்புகள். ஆழத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் முதலில் மங்கிவிடும், அதனால் பகலிலும் டோர்ச் வேண்டும். ஆர்வத்தில் காலை உதைத்தேன்; மணல் கிளம்பி எல்லாம் மறைந்துபோயிற்று. மிதப்பைச் சமன்செய்யத் தெரியாதவனுக்கு நத்தை கிடையாது.

படகில் அவர் சொன்னார்: "தம்பி, நத்தையைத் தேடாதே. அது எதைத் தின்னும் என்று பார்."

பல இனங்கள் கடற்பஞ்சைத் தின்னும். சில, பாசி போலத் தோன்றும் ஹைட்ராய்டுகள் என்ற கொட்டும் விலங்குகளை மேய்ந்து, அவற்றின் கொட்டும் நுண்பைகளைத் தம் முதுகில் விரல் போல நீளும் உறுப்புகளின் நுனியில் சேமித்துக்கொள்ளும். அந்த ஹைட்ராய்டில் மணிக்கட்டு உரசியதில் எனக்கு இரண்டு நாள் அரிப்பு. கையுறை போட்டுக்கொண்டு பாறையைப் பிடிப்பது தீர்வல்ல. பிடிக்காமல் மிதப்பதே வழி. காகிதம் போல மெலிந்து, விளிம்பு நெளிய நகர்வது தட்டைப்புழு. கொம்பு போலத் தெரிவது அதன் விளிம்பு மடிப்புத்தான், செவுளும் இராது. அதை நத்தையென்று நம்பி நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

நான்காவது சுழியோட்டத்தில், கடற்பஞ்சின் ஓரத்தில் ரோஜாப்பூப் போலச் சுருண்ட இளஞ்சிவப்பு நாடாவைக் கண்டேன். நத்தையின் முட்டைகள். சுற்றிலும் ஒரு முழம் விடாமல் தேடுவதற்குள் தொட்டியில் காற்று 50 பாருக்கு இறங்கிவிட்டது, மேலேற வேண்டியதாயிற்று. "முட்டை உண்டு, தாய் இல்லை" என்று பதிவேட்டில் எழுதினேன். பயிற்றுநர் சிரித்துக்கொண்டே "தாய்" என்பதை வெட்டிவிட்டார்: அவை ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான்.