வழியை அடைக்கும் வண்டி: ஒரு விண்வெளி நாட்குறிப்பு

ஜனவரி 11

2007இல் இதே நாளில்தான் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஃபெங்யுன்-1சியை ஏவுகணையால் அடித்து உடைத்தது. உயரம் சுமார் 865 கிலோமீட்டர். தரையிலிருந்து கண்காணிக்கும் அளவுக்குப் பெரிய துண்டுகளே மூவாயிரத்தைத் தாண்டின. விண்வெளிக் குப்பை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். சொல்லவும் வேண்டும். ஆனால் அதற்கு 46 ஆண்டு முன்பே, அடிப்பார் யாருமில்லாமல் ஒன்று வெடித்தது.

1961 ஜூன் 29. அமெரிக்காவின் தோர்-ஏபிள்ஸ்டார் ராக்கெட்டின் மேல்நிலை, அதாவது அடுக்குகளில் கடைசியாக எரியும் பகுதி, ட்ரான்சிட்-4ஏ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஒழுங்காக விட்டது. வேலை முடிந்தது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கழித்து அந்த நிலை தானே வெடித்துக் கிட்டத்தட்ட 300 துண்டானது. அதுவரை மனிதர் மேலே அனுப்பிய மொத்தத்தையும்விட அந்த ஒரே வெடிப்பில் வந்த துண்டுகள் அதிகம். நம்மை மேலே கொண்டுபோகும் வண்டியே மேலே போகும் வழியைக் கெடுக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த வண்டியைப் பற்றித்தான்.

ஜனவரி 13

செத்துப்போன ராக்கெட் நிலை ஏன் வெடிக்கிறது?

எரிபொருளைக் கடைசிச் சொட்டு வரை கணக்குப் பார்த்து யாரும் நிரப்புவதில்லை. என்ஜின் கொஞ்சம் குறைவாகத் தள்ளினாலும் சரிக்கட்ட வேண்டும் என்பதால் கையிருப்பு வைத்தே நிரப்புவார்கள். பயணம் நன்றாகப் போனால் அந்தக் கையிருப்பு அப்படியே தொட்டியில் நின்றுவிடும். கூடவே, எரிபொருளை என்ஜினுக்குள் தள்ளுவதற்கான ஹீலியம் உயரழுத்தக் குடுவைகளில் இருக்கும். பேட்டரியில் மின்சாரமும் இருக்கும்.

இனி வெயில் தன் வேலையைத் தொடங்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். உலோகம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி வெல்டிங் இணைப்புகள் களைத்துப்போகும். எரிபொருள் எரிய ஆக்சிஜன் தரும் ஆக்ஸிடைசராகப் பயன்படும் நைட்ரஜன் டெட்ராக்சைடு சாதாரணக் காற்றழுத்தத்தில் 21 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் திரவம். மூடிய தொட்டியில் சூடேறினால் ஆவியழுத்தம் வேகமாக ஏறும்.

அமெரிக்க டெல்டா ராக்கெட்டின் இரண்டாம் நிலையில் எரிபொருள் தொட்டிக்கும் ஆக்ஸிடைசர் தொட்டிக்கும் நடுவே இருந்தது ஒரே பொதுச் சுவர். எடை மிச்சமாகும் என்பதால் அப்படி அமைத்தார்கள். ஒரு பக்கம் அழுத்தம் ஏறி அந்தச் சுவர் விரிசல் விட்டால் இரண்டும் கலக்கும். ஹைட்ரஸின் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் தொட்டாலே பற்றிக்கொள்பவை, தீப்பொறி தேவையில்லை. 1973 முதல் அந்த நிலைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. சில ஏவப்பட்ட சில வாரங்களில், சில ஆண்டுகள் கழித்து. காரணம் புரிந்த பிறகு, மிஞ்சிய எரிபொருளைச் செயற்கைக்கோள் பிரிந்ததும் எரித்துத் தீர்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அப்படி எரித்துத் தீர்ப்பதே இந்தப் பிரச்சினைக்குக் கிடைத்த முதல் மருந்து.

ஜனவரி 16

வெடித்தால் வெடிக்கட்டும், வானம் பெரியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கம்பியைக் காட்டலாம்.

1986 நவம்பரில் ஒரு ஏரியான் ராக்கெட்டின் மூன்றாம் நிலை வெடித்தது. அது ஸ்பாட்-1 செயற்கைக்கோளை ஏற்றிவிட்டு ஒன்பது மாதம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பத்து ஆண்டு கழித்து, 1996 ஜூலை 24 அன்று, அதன் துண்டு ஒன்று ஸெரீஸ் என்ற சிறிய பிரெஞ்சு செயற்கைக்கோளின் நீட்டுக்கம்பியை வெட்டிக்கொண்டு போனது. ஸெரீஸ் தலைகீழாகப் புரளாமல் பூமியை நோக்கி நிற்பதற்கான எடை அந்தக் கம்பியின் நுனியில்தான் இருந்தது. சில மீட்டர் நீளம்தான் இருக்கும். தரையிலிருந்து கண்காணிக்கும் பட்டியலில் உள்ள இரண்டு பொருள்கள் மோதிக்கொண்டதாக உறுதியான முதல் நிகழ்வு இதுதான். அவ்வளவு பெரிய வானத்தில் ஒரு துண்டு போய் அந்த மெல்லிய கம்பியைக் கண்டுபிடித்திருக்கிறது.

ஜனவரி 19

இந்தியாவுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2001 அக்டோபர் 22 அன்று டிஇஎஸ் செயற்கைக்கோளை ஏற்றிய பிஎஸ்எல்வி-சி3இன் நான்காம் நிலை, இரண்டு மாதம் முடிவதற்குள் டிசம்பர் 19 அன்று வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதன்பிறகு இஸ்ரோ நான்காம் நிலையைக் காலிசெய்துவிட்டே கைவிடும் முறையைக் கொண்டுவந்தது. பொறியாளர்கள் இதை 'பாசிவேஷன்' என்பார்கள். வண்டிக்குள் வெடிக்கக்கூடியதாக எதையும் மிச்சம் வைக்காமல் அடக்கிவிடுவது என்று பொருள்.

வேலை நடக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். செயற்கைக்கோள் பிரிந்ததும் முதலில் போதிய இடைவெளி விட வேண்டும். உடனே வாயுவைத் திறந்தால் அந்தப் பீச்சல் புதுச் செயற்கைக்கோளின் கேமரா மீதும் சோலார் தகடு மீதும் படியும். பிறகு நிலையைத் திருப்பி, வெளியேறும் வாயு செயற்கைக்கோளை விட்டு விலகிப்போகும் திசையில் நிறுத்த வேண்டும். அடுத்தது ஆக்ஸிடைசர் தொட்டியைத் திறப்பது. அது தீர்ந்தபின் எரிபொருள் தொட்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே குழாய் வழியே விடக்கூடாது; வெளியே சந்தித்தாலும் பற்றிக்கொள்ளும். ஹீலியம் குடுவைகள் அதன் பிறகு. கடைசியில் பேட்டரி: மின்னேற்றும் இணைப்பைத் துண்டித்துவிட்டு இருப்பதை முழுக்க வடித்துவிட வேண்டும்.

பேட்டரியை ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்றால், முந்தைய எல்லா வால்வுகளையும் திறக்க மின்சாரம் தேவை. வரிசை மாறினால் வால்வு மூடியே கிடக்கும். கட்டளை அனுப்பினாலும் கேட்க ஆளிருக்காது.

ஜனவரி 20

நேற்றைய வரிசை தாளில் பார்க்க எளிது. செய்யும்போது எங்கே தடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நைட்ரஜன் டெட்ராக்சைடு மைனஸ் 11 டிகிரி அளவில் உறைந்துவிடும். வெற்றிடத்தில் திறந்த திரவம் வேகமாக ஆவியாகும். ஆவியாவதே அதைக் குளிர்விக்கும். வெளியேற்றும் குழாயின் வாயில் பனிக்கட்டி கட்டிக்கொள்ளும். தரையில் இருப்பவர்கள் அழுத்தமானி காட்டும் எண் இறங்கி நின்றதைப் பார்த்துத் தொட்டி காலி என்று நினைப்பார்கள். உள்ளே திரவம் மிச்சம் இருக்கும். சில நாள் வெயிலில் கட்டி உருகும், வால்வு அதற்குள் மூடியிருந்தால் அழுத்தம் மறுபடி ஏறும். அதனால் ஒருமுறை திறந்த வால்வு திறந்தபடியே பூட்டிக்கொள்ளும் அமைப்பு வேண்டும்.

இன்னொன்று சுழற்சி. வாயு ஒரு பக்கமாகவே வெளியேறினால் நிலை பம்பரமாகும். சுழலச் சுழலத் திரவம் தொட்டியின் ஓரங்களில் ஒட்டி, வெளியேறும் துளைக்கு வராமல் நிற்கும். இதைத் தவிர்க்க எதிரெதிர் திசையில் இரண்டு துளை வைத்து, இரண்டிலும் சம அளவில் விடுகிறார்கள். பின்னாளில் யாராவது அதைப் பிடித்து இறக்க வந்தாலும், சுழலாத பொருளைப் பிடிப்பதுதான் எளிது.

ஜனவரி 25

காலிசெய்தால் வெடிக்காது. ஆனாலும் ஒரு டன் இரும்பும் அலுமினியமும் பாதையில் கிடக்கும். 500 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மெல்லிய காற்றே சில ஆண்டுகளில் இழுத்துவிடும். 800இல் நூற்றாண்டுக் கணக்கு, 1,000இல் ஆயிரம் ஆண்டு என்று போகும். ஆகவே இறக்க வேண்டும். எவ்வளவு செலவாகும்?

650 கிலோமீட்டர் வட்டப்பாதையில் வேகம் நொடிக்கு சுமார் 7.53 கிலோமீட்டர். அதில் நொடிக்கு 170 மீட்டரைக் குறைத்தால் பாதையின் அடிப்புள்ளி 50 கிலோமீட்டருக்கு இறங்கும். அந்தச் சுற்றிலேயே வளிமண்டலத்தில் விழுந்துவிடும். காலி எடை ஒரு டன், என்ஜினின் திறன் 300 விநாடி (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக உந்துவிசையாக்குகிறது என்பதை விநாடியில் அளப்பார்கள்) என்று வைத்தால் இதற்கு ஏறக்குறைய 60 கிலோ எரிபொருள் போதும். மேல்நிலையில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளிலிருந்து கழியும் ஒரு கிலோ என்பதால்தான் இத்தனை காலமும் கை தயங்கியது. 60 கிலோவுக்காகப் பல ஆண்டு ஆபத்தை விட்டுவைத்திருக்கிறோம். இதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் மனம் ஆறவில்லை.

இஸ்ரோவின் போயெம்-3 இதை அழகாகக் கையாண்டது. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டரில் விட்ட பிஎஸ்எல்வியின் நான்காம் நிலையை, மீண்டும் என்ஜினை இயக்கி 350 கிலோமீட்டர் வட்டப்பாதைக்கு இறக்கினார்கள். மிஞ்சிய எரிபொருளை வெளியேற்றினார்கள். அதன்பின் அதையே ஆய்வு மேடையாக்கிச் சோதனைக் கருவிகளை இயக்கினார்கள். மார்ச் 21 அன்று அது பசிபிக் பெருங்கடலுக்கு மேல் எரிந்து போனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 350 வட்டத்துக்கு இறங்கவும் நொடிக்கு 167 மீட்டர்தான் ஆகிறது. நேரே கடலில் போடுவதற்கும் இதற்கும் செலவு ஏறக்குறைய ஒன்றே. இதில் கூடுதலாக ஆய்வு வேலையும் நடந்தது.

ஜனவரி 28

திட எரிபொருள் மோட்டார்கள் தனிச் சிக்கல். அவற்றின் கலவையில் அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். எரிந்தால் அது அலுமினியம் ஆக்சைடாகும். நுண்துகள் பெரும்பாலும் வேகமாகப் பறந்துவிடும். மோட்டாருக்குள் தேங்கிய உருகல் மட்டும் எரிப்பு முடியும் தறுவாயில், அழுத்தம் விழும்போது, மெல்ல ஒழுகி வெளியே வரும். மெல்ல வருவதால் அது சுற்றுப்பாதையிலேயே தங்கிவிடும். சில கட்டிகள் சென்டிமீட்டர் அளவுக்கும் உண்டு. இதற்கு மருந்து இல்லை. பூமியைச் சுற்றும் வேகத்தை எட்டியபின் திட மோட்டாரைப் பற்றவைக்காமல் இருப்பதுதான் வழி.

1983 ஜூனில் சேலஞ்சர் விண்கலத்தின் ஜன்னலில் 4 மில்லிமீட்டர் அகலக் குழி விழுந்தது. அடித்தது ஒரு பெயின்ட் செதில்.

பிப்ரவரி 2

திடப்பொருள் விழாத கெடுதலும் உண்டு. என்ஜின் புகையில் நீராவியும் ஹைட்ரஜனும் இருக்கும். 200 கிலோமீட்டருக்கு மேலே, மின்னேறிய துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் அவை ஆக்சிஜன் அயனிகளோடு சேர்ந்து மூலக்கூறு அயனிகளை உண்டாக்கும். அவை எலக்ட்ரானைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும். அங்கே இயல்பாக நடப்பதைவிட இந்த வினை பல நூறு மடங்கு வேகமானது. விளைவு, எலக்ட்ரான் குறைந்த ஒரு பெரும் ஓட்டை. 1973 மே 14 அன்று ஸ்கைலாபை ஏற்றிய சாட்டர்ன் ராக்கெட் இப்படி ஒரு பள்ளத்தை விட்டுச்சென்றபோதுதான் உலகம் இதைத் தெளிவாகப் பார்த்தது. 2017 ஆகஸ்ட் 24இல் ஃபார்மோசாட்-5 செயற்கைக்கோளை ஏற்றிய ஃபால்கன்-9, சுமார் 900 கிலோமீட்டர் அகல ஓட்டையை உண்டாக்கியது. சுமை குறைவு, ஆகவே செங்குத்தாக ஏறியது. புகை முழுக்க ஒரே பகுதியில் கொட்டியது. சில மணி நேரத்தில் ஆறிவிடும். ஆறும்வரை ஜிபிஎஸ் கணக்கில் பிழை வரும்.

பிப்ரவரி 5

மேலே இருக்கும் மனிதர்களுக்கு இது எப்படித் தெரிகிறது? 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் காஸ்மாஸ்-1408ஐ ஏவுகணையால் உடைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தத்தம் திரும்பும் கலங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். துண்டுகள் இருக்கும் பகுதியை நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கடந்தது. 2025 நவம்பரில் ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் நுண்விரிசல் தெரிந்தது, குப்பைத்துகள் பட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. அந்தக் குழுவினர் வேறு கலத்தில் திரும்பினார்கள்.

நிலையத்துக்குக் கவசம் உண்டு. வெளியே மெல்லிய தகடு, இடைவெளி, நடுவே நெக்ஸ்டெல் என்ற பீங்கான் இழைத் துணி, கெவ்லார் துணி, உள்ளே சுவர். முதல் தகட்டில் பட்டதும் துகள் பொடியாகிப் பரவும், உள்சுவருக்கு வரும்போது வலு குறைந்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவு வரைதான் இது தாங்கும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ரேடாரில் தெரியும், விலகலாம். நடுவில் உள்ளதற்குக் கவசமும் இல்லை, கண்ணுக்கும் தெரியாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை 12 லட்சத்தைத் தாண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு.

பிப்ரவரி 10

2009இல் இதே நாளில் சைபீரியாவுக்கு மேல் 789 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம்-33, காஸ்மாஸ்-2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் மோதின. வேகம் நொடிக்கு 11.7 கிலோமீட்டர். பொதுத் தரவை வைத்துப் போட்ட கணக்கு, 584 மீட்டர் தள்ளிக் கடக்கும் என்றது. அந்த நாளின் ஆபத்துப் பட்டியலில் அது முன்வரிசையில்கூட இல்லை. அந்தத் தரவின் பிழையே கிலோமீட்டர் கணக்கில் இருக்கும்போது 584 மீட்டர் என்ற எண்ணுக்கு என்ன பொருள்? விலகலாமா என்று முடிவெடுக்க இன்று மோதும் வாய்ப்பையே பார்க்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் நிலையம் விலகும்.

விலக முடியாதவைதான் நம்மை விழிக்கவைக்கின்றன. சுமார் 840 கிலோமீட்டரில் ஸெனிட் ராக்கெட்டுகளின் இரண்டாம் நிலைகள் ஏறக்குறைய இருபது, ஒவ்வொன்றும் 8 டன்னுக்கு மேல். இரண்டு மோதினால் ஃபெங்யுன் சிறிதாகத் தோன்றும். அத்தகைய ஒன்றை நெருங்க முடியுமா என்று பார்க்க 2024இல் ஏட்ராஸ்-ஜே என்ற ஜப்பானியக் கலம் போனது. இலக்கு ஒரு எச்2ஏ ராக்கெட்டின் மேல்நிலை: 11 மீட்டர் நீளம், 3 டன். அதைச் சுற்றிவந்து படமெடுத்து, 15 மீட்டர் வரை கிட்டப் போனது. பிடிக்கவில்லை, பிடிக்கும் கை அந்தக் கலத்தில் இல்லை. இரிடியம் உடைந்த அதே 2009இல் ஏவப்பட்ட நிலை அது. படங்களில் அதன் என்ஜின் வாய் கறுத்துத் தெரிகிறது.