குரல்வளையை எடுக்கும் முன்

புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒருவரிடம் சொல்வது, அறுவை சிகிச்சை மருத்துவரான எனக்கு இன்னும் பழகவில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்போ பேச முடியாதா டாக்டர்?"

எல்லோருக்கும் எடுப்பதில்லை. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தே பலருக்குக் குரல்வளையைக் காப்பாற்றலாம், அதனால் உயிர்வாழும் காலம் குறையாது என்று 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நாங்களும் முடிந்தவரை அந்த வழியில்தான் போகிறோம். ஆனால் கட்டி, குரல்வளையின் முன்புறச் சுவரான தைராய்டு குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்திருந்தால், அல்லது விழுங்கும் எச்சில்கூட நுரையீரலுக்குள் போகுமளவுக்குக் குரல்வளை கெட்டிருந்தால், எடுப்பதுதான் நல்லது.

அதை விளக்கத் தாளில் படம் வரைவேன். மூச்சுக்குழாயின் முனையைக் கழுத்துத் தோலோடு தைத்துவிடுவோம். இனி ஆயுள் முழுக்க மூச்சு அந்தத் துளை வழியாகத்தான். மூக்கில் காற்று ஓடாததால் மணம் தெரிவது மங்கிவிடும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. குடும்பத்தாரிடம் தனியாக ஒன்றைச் சொல்வேன்: ஆக்சிஜன் தேவைப்பட்டால் கழுத்துத் துளையில் வைக்கச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் பழக்கத்தில் முகத்துக்கு மாஸ்க் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் துளிகூட நுரையீரலுக்குப் போகாது.

அறுவையில் எனக்குக் கவலை தருவது தொண்டையைத் தைத்து மூடும் கட்டம். ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட சதை சரியாக ஆறாது. தையல் வழியே எச்சில் கசியக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு மார்புத் தசையை எடுத்துவந்து பலப்படுத்துவோம்.

பேச்சு திரும்பி வரும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சிறு வால்வு வைக்கிறோம். அறுவை மருத்துவர் சிங்கர், பேச்சுப் பயிற்சியாளர் ப்ளோம் இருவரும் 1980-ல் அறிமுகப்படுத்திய முறை அது. துளையை விரலால் மூடி மூச்சை வெளிவிட்டால் காற்று வால்வு வழியே தொண்டைக்கு ஏறும். தொண்டைச் சுவர் அதிர்ந்து ஒலி எழும். கரகரப்பான, தாழ்ந்த குரல். போனில் "ஐயா" என்று அழைக்கப்படும் பெண்களுக்கு அது தரும் வலியை மருத்துவர்கள் நாங்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

வால்வும் நிரந்தரமல்ல. சில மாதங்களில் கசியத் தொடங்கும், மாற்ற வேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படமும் விளக்கமும் ஓரளவுக்குத்தான் உதவும். இதே அறுவை முடிந்து, விரலால் துளையை மூடிப் பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்தால் கேள்விகள் மாறிவிடுகின்றன. எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரும் அப்போது உடனிருப்பார். இந்தச் சந்திப்பு நடக்கும்வரை நான் சம்மதப் படிவத்தை நீட்டுவதில்லை.