அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி

எங்கள் அப்பத்தா ஒட்டன்சத்திரத்துக்கு அருகே, கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் கலந்த ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். காலையில் மோர் கரைத்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும், மதியம் சோளச்சோறும் கொள்ளுக் கடைசலும், இரவில் காட்டோரம் பறித்த பண்ணைக்கீரையும் என்றுதான் எழுபது வயது வரை அவருடைய சாப்பாடு நடந்தது. காட்டு வேலைக்குப் போகாத நாள் அவருக்கு அரிது. உடம்பில் வேண்டாத சதை என்று ஒரு பிடி கூட இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோயால் இறந்தார். பழைய உணவு உண்டவர்களுக்குப் புற்றுநோயே வராது என்று எவரேனும் உறுதியாகச் சொல்லும்போது எனக்கு அவருடைய பித்தளை வெற்றிலைப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பெட்டியில் வெற்றிலை, சுண்ணாம்பு, கொட்டைப்பாக்கு, புகையிலை நான்கும் இருக்கும். மென்றதை இடக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே களை எடுப்பார். சில இரவுகளில் அதை வாயில் வைத்தபடியே உறங்கியும் விடுவார். நோய் கண்டதும் அந்த இடக் கன்னத்தில்தான். புகையிலைதான் கெடுதல், பாக்கு செரிமானத்துக்கு நல்லது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் 2004இல் வெளியிட்ட தன் அறிக்கையில் சேர்த்துவிட்டது. பாக்கிலுள்ள வேதிப்பொருள்கள் வாயின் மெல்லிய உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன. கன்னம் விறைத்து, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறுகுகிறது. இப்படி ஆனவர்களில் ஒரு பகுதியினருக்கு அது பின்னாளில் புற்றாக மாறுகிறது. "ரெண்டு வருசமாவே வாய் சரியாத் தொறக்கல சாமி" என்று அப்பத்தா மருத்துவரிடம் சொன்னபோதுதான், அவர் சாப்பாட்டில் காரத்தைக் குறைத்ததையும் சோற்றைச் சிறு உருண்டையாக உருட்டி உண்டதையும் நாங்கள் முதுமையென்று எண்ணிக் கடந்துவிட்டது புரிந்தது.

ஆகவே மரபு என்ற ஒரே சொல்லுக்குள் கம்பங்கூழும் இருக்கிறது, தாம்பூலமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றவும் கூடாது, ஒரே கூடையில் போட்டு எறியவும் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கூழின் பக்கம் நிற்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்குள்ள கிராமத்து மக்களிடம் பெருங்குடல் புற்றுநோய் மிக அரிதாக இருப்பதைக் கவனித்து, அவர்கள் உண்ட நார்ச்சத்தோடு அதைத் தொடர்புபடுத்தி 1971இல் எழுதினார். அவர் சொன்ன எல்லாமும் நிலைக்கவில்லை என்றாலும், தவிடு நீக்காத தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் குறைக்கின்றன என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆதரிக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்னும் அமிலம், குடலின் உட்சுவர்ச் செல்களுக்கே உணவாகிறது. இது கம்புக்கும் சோளத்துக்கும் பொருந்தும். தவிட்டை முழுக்கத் தீட்டி எடுத்துச் சர்க்கரை சேர்த்து விற்கப்படும் 'சிறுதானிய' பிஸ்கட்டுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்று வாங்குவோர் யோசிக்க வேண்டும். ஆனால் குடலைக் காக்கும் கூழ், பாக்கு அடக்கிய கன்னத்தைக் காக்காது. ஒவ்வொரு புற்றுநோய்க்கும் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது.

அப்பத்தாவின் பழக்கங்களில் நான் இன்று மிகவும் மதிப்பது, எவரும் மருந்தாகப் பேசாத ஒன்று. நிலக்கடலையைக் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு ஆடிச் சத்தம் கேட்கும் வரை களத்தில் காய வைப்பார். பூஞ்சணம் கண்ட கடலையைக் கழுவிப் பயன்படுத்த ஒருபோதும் விடமாட்டார். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று இறந்தபோது, அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கைத் தேடிப் போய்த்தான் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது.

மூலிகைகளைப் பற்றி எழுதும்போது என் மனம் கனக்கிறது. என் சித்திக்கு மார்பில் சுண்டைக்காய் அளவில் கட்டி தெரிந்தபோது, உறவினர் ஒருவர் முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் கரைந்துவிடும் என்றார். ஏழு மாதங்கள் குடித்தார். மருத்துவமனைக்குப் போனபோது கட்டி எலுமிச்சை அளவாகி, அக்குளிலும் பரவியிருந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளே இருந்தார். முள் சீத்தாவின் சாறு ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மைதான். ஆனால் கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம், பார்க்கின்சன் நோயை ஒத்த, அதற்குரிய மருந்துக்குக் கட்டுப்படாத நரம்புக் கோளாறு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் 1999இல் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில், பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை முறையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், அவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்து மடங்கையும் தாண்டியது. அந்தக் கட்டுரையைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள்கள் ஆயின.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இன்றியமையாதது. ஆனால் அது நரம்பு வழியே, பெரும்பாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் அளந்து தரப்படுவது. கொஞ்சம் கூடினாலும் நரம்புகளைச் சிதைக்கும். அந்த அளவை ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்து எவராலும் பிடிக்க முடியாது.

தடுப்பு என்று வரும்போது எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு கதை உண்டு. அதைத் தமிழர்களே போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். 2000ஆம் ஆண்டில் தொடங்கித் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஓர் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். சமையலறை வினிகரின் காடித்தன்மையே கொண்ட, 4 விழுக்காடு அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பையின் வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். புற்றாக மாறக்கூடிய இடம் வெளுத்துத் தெரியும். பலருக்கு அதைக் குளிர்வித்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே அளித்தார்கள். ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனையால், ஏழு ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த மரணங்கள் 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் முடிவு வெளியானது. வைரஸ் தொற்றால் வரும் இந்த நோயை எந்தக் கீரையாலும் இந்த அளவுக்குக் குறைத்துக் காட்ட முடிந்ததில்லை.

இன்று தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. போன மாதம் அம்மாவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு நானும் போனேன். எல்லாம் முடிந்து எழுந்தபோது செவிலியர், "ஆ காட்டுங்கம்மா" என்று சொல்லி, அம்மாவின் இரண்டு கன்னங்களையும் விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அப்பத்தாவின் வாயை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. "பாக்குப் போடுவீங்களா?" என்று கேட்டதற்கு அம்மா இல்லையென்று தலையசைத்தார். பிறகு செவிலியர் என்னை உட்காரச் சொன்னார்.